கிச்சடியில் உப்பு இல்லை

எங்கள் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதை வெளியே சொல்வதற்கு ஏற்பாடுகளுக்குக் குறைவே இல்லை. பிள்ளைகளின் வருகையைக் காலையிலேயே எமிஸ் என்ற கல்வித்துறையின் இணையப் பதிவேட்டில் ஏற்றிவிட வேண்டும். காலை உணவுக்குத் தனியாக ஒரு செயலி. பள்ளி மேலாண்மைக் குழு கூடினால் படம், மரக்கன்று நட்டால் படம், கை கழுவும் தினத்துக்குக் கை கழுவுகிற படம். இரண்டு ஆசிரியர்களும் 27 பிள்ளைகளும் உள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இது. புதுக்கோட்டை மாவட்டத்தில், கண்மாயை நம்பி இருக்கிற சின்ன ஊர். எங்களைப் பற்றி மேலே போயிருக்கும் படங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்கு ஆண்டு மலரே போடலாம். எல்லாப் படத்திலும் குட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால், நடுவில் பேனர். ஒன்றாம் வகுப்புக் கடைக்குட்டி மட்டும் எப்போதும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். படத்துக்குக் கீழே நாங்கள் எழுதுவதும் மாறுவதில்லை: நிகழ்ச்சி சிறப்பாக நடைபெற்றது.

இதில் எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் கிடையாது. அரசாங்கம் காசு கொடுக்கிறது, கணக்குக் கேட்கிறது. உறுத்துவது வேறு. இந்தச் செய்திகள் எல்லாமே மேலே போகின்றன. பள்ளிக்குள்ளே, ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்கு என்று எதுவும் ஓடுவதில்லை. நான் ஒன்று முதல் மூன்று வரை பார்க்கிறேன், தலைமையாசிரியர் நான்கையும் ஐந்தையும் பார்க்கிறார். நடுவில் ஒரு சுவர். இதை ஒருமுறை அவரிடம் சொன்னபோது, "இருபத்தேழு பேருக்கு எதுக்கும்மா செய்தி? எல்லாருக்கும் எல்லாம் தெரியும்" என்றார். சார் சொன்னால் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். இந்த விஷயத்தில் மட்டும் மனசு ஒப்பவில்லை.

மாறவில்லை என்றால் அது எப்படிச் செய்தி?

செய்தி வாசிப்பு எங்கள் பள்ளியில் இல்லாமல் இல்லை. காலை வழிபாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், பொது அறிவு, அப்புறம் இன்றைய செய்தி. நாளிதழில் கண்ணில் படுகிற தலைப்புகளைச் சார் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுப்பார், ஐந்தாம் வகுப்பிலிருந்து யாராவது வந்து வாசிக்கும். ஒரு நாள் ஒரு பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "ரெப்போ வட்டி விகிதத்தில் மாற்றம் இல்லை, ரிசர்வ் வங்கி அறிவிப்பு" என்று வாசித்து முடித்தான். கலைந்து போகும்போது என் இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது, "டீச்சர், மாறலைன்னா அத எதுக்குச் சொல்றாங்க?"

நியாயமான கேள்விதானே? வீட்டுக்கடன் கட்டுகிற எனக்கு அது செய்தி. தவணை ஏறவில்லை என்ற நிம்மதி. அந்தப் பிள்ளைக்கு அது யாரோ யாருக்கோ போட்ட சத்தம். செய்தி என்பது ஒரு விஷயத்தில் மட்டும் இல்லை, அது யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதில் பாதி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. எங்கள் பிள்ளைகள் வெளியுலகச் செய்தி ஒன்றுக்காகக் காத்துக் கிடப்பது ஐப்பசி, கார்த்திகையில் மட்டும்தான். மழை பிடித்துக்கொண்டால், "நம்ம மாவட்டம் சொல்லிட்டாங்களா?" என்று விடியற்காலையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். மாவட்ட ஆட்சியர் என்ற பதவியே மழை விடுமுறை அறிவிப்பதற்காக ஏற்பட்டது என்று நம்புகிற தலைமுறை இது.

எங்கள் வகுப்பறையில் ஒரு பழைய சொத்து இருக்கிறது. 2007-08இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கிற செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது, தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் சுவரின் அடிப்பகுதியைச் சுற்றிக் கரும்பலகை அமைத்தார்கள். தரையில் உட்கார்ந்தால் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரம். ஆளுக்கு ஒரு கட்டம். அந்தக் காலத்தில் ஏணிப்படி, அட்டைகள், காலநிலை அட்டவணை, ஆரோக்கியச் சக்கரம் என்று வகுப்பே வேறு மாதிரி இருக்கும். காலையில் வந்ததும் பிள்ளைகளே தங்கள் வருகையைக் குறித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்து, "மேகமூட்டம்" என்று அட்டவணையில் குறிப்பார்கள். அப்புறம் திட்டங்கள் மாறின. 2022இல் எண்ணும் எழுத்தும் என்ற திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள், புதிய பயிற்சி நூல்கள். எனக்கு அதில் பிடித்தவையும் உண்டு, தலைவலிகளும் உண்டு, அதை இன்னொரு நாள் பேசலாம். அட்டைகள் பரணுக்குப் போய்விட்டன. கீழ்மட்டக் கரும்பலகையைப் பரணில் ஏற்ற முடியாதே, அது சுவரோடு தங்கிவிட்டது. பல பள்ளிகளில் அதன் மேல் பொம்மைப் படம் வரைந்துவிட்டார்கள். எங்கள் பள்ளியில் பெயின்ட் வாங்கக் காசு இல்லாததால் அது பிழைத்தது.

அதில்தான் பிள்ளைகளின் செய்திப் பலகையை ஆரம்பித்தோம். காலை உணவு முடித்துவிட்டு வழிபாட்டுக்கு மணி அடிக்கும் வரை, யாருக்கு என்ன சொல்ல வேண்டுமோ அவரவர் கட்டத்தில் எழுதலாம். நேற்று மணி அடித்த பிறகு நடந்ததாக இருக்க வேண்டும், மற்றபடி கட்டாயம் இல்லை. எழுதத் தெரியாத ஒன்றாம் வகுப்பு படம் போடலாம், அல்லது மூன்றாம் வகுப்பைப் பிடித்து எழுதச் சொல்லலாம். முதலில் எல்லாரும் "காலை வணக்கம்", "மரம் வளர்ப்போம்" என்றுதான் எழுதினார்கள். பிள்ளைகளையும் நாம் எவ்வளவு பழக்கி வைத்திருக்கிறோம் பாருங்கள். அப்புறம் மெல்ல வந்தது. "அப்பத்தா வீட்டு ஆடு ரெண்டு குட்டி போட்டுச்சு. ஒன்னு கருப்பு. ஒன்னு செத்துருச்சு." "எனக்கு பல் விளுந்துச்சு. கூரைல போட்டேன்." "மாமா திருப்பூர்ல இருந்து வந்துட்டாங்க. இனிமே போக மாட்டாங்களாம்." "போர் மோட்டர் ரிப்பேரு. ரெண்டு நாள் தண்ணி வராது." கடைசியாகச் சொன்னது ஊராட்சியிலிருந்து எங்களுக்குத் தகவல் வருவதற்கு முன்பே பலகைக்கு வந்துவிட்டது. சத்துணவு அமைப்பாளர் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே குடங்களை நிரப்பி வைத்தார். அதற்கப்புறம் அவர் தினமும் காலையில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுப் போவார்.

"விளுந்துச்சு" என்பதைத் திருத்த வேண்டாமா என்று கேட்பீர்கள். சாரும் கேட்டார். அதிகாரி யாராவது வந்து சுவரைப் பார்த்தால் முதலில் ழகரம்தான் கண்ணில் படும் என்பது அவர் கவலை. நான் மாலையில், அழிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், எழுதிய பிள்ளையோடு உட்கார்ந்து திருத்துவேன். காலையில் திருத்தினால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை "மரம் வளர்ப்போம்" என்று எழுதும். அதில் பிழை வராதல்லவா?

இன்னொரு வாசகியையும் சொல்லியாக வேண்டும். பேத்தியைக் கொண்டுவந்து விடுகிற அப்பத்தா ஒருவர். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்த 1991-92 காலத்தில் ராத்திரி வகுப்பில் எழுத்துக் கற்றவர். அந்த நாளில் இந்த மாவட்டத்துப் பெண்கள் படிப்போடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள், நம் பக்கத்தில் அது எல்லாருக்கும் தெரிந்த கதை. இவர் சைக்கிளை விட்டுவிட்டார், படிப்பை விடவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக, சத்தமாக எழுத்துக்கூட்டிப் படிப்பார். பேருந்தில் பெயர்ப்பலகை, ரேஷன் கடையில் விலைப்பலகை தவிர ஊருக்குள் தமிழ் படிக்க அவருக்கு வேறு என்ன கிடைக்கிறது?

சமையல் அத்தையின் பக்கம்

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எங்களைப் போன்ற எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. வெறும் வயிற்றோடு வந்து பத்தரை மணிக்கு மயங்கி விழுகிற பிள்ளை இப்போது இல்லை. இந்தத் திட்டத்தைப் பற்றி நான் ஏதாவது குறை சொன்னாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன். சமைப்பவர் உள்ளூர் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர். எங்கள் சமையல்காரருடைய மகன் இங்கேயே நான்காம் வகுப்பு படிக்கிறான். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர் அத்தை முறை, மீதிப் பேரும் அத்தை என்றே கூப்பிடுவார்கள்.

ஒரு கிச்சடி நாளில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தன் கட்டத்தில் எழுதினாள்: "இன்னைக்கு கிச்சடில உப்பு இல்ல. நான் பாதி வச்சிட்டேன்." எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு தட்டும் வரைந்தாள், பாதி நிரம்பிய தட்டு. நான் பார்த்தேன். அழிக்கவில்லை. நானும் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டிருந்தேன், உப்பு இல்லைதான்.

பிள்ளையை விட வந்த ஒருவர் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து ஊர் இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். மேலே இரண்டு வரி அவர் சொந்தச் சரக்கு. அது இரண்டு மூன்று குழு தாண்டி, பதினொரு மணிக்கெல்லாம் சாருக்குத் தொலைபேசி வர ஆரம்பித்தது. ஊராட்சியிலிருந்து ஒருவர், பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், அப்புறம் "சும்மா கேக்குறேன் சார்" என்று ஆரம்பிக்கிற ஒருவர். சார் சுவர் தாண்டி என் வகுப்புக்கு வந்தார். கத்தவில்லை. "அழிச்சிருங்கம்மா. விளக்கம் கேட்டு லெட்டர் வந்தா நாந்தானே எழுதணும்" என்றார். ஓய்வு பெற அதிக காலம் இல்லாத மனுஷன். 17பி என்ற ஒழுங்கு நடவடிக்கையின் பெயரைக் கேட்டாலே எந்த ஆசிரியருக்கும் வயிற்றைக் கலக்கும். அதனால் அவர் பயத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல அழித்துக்கொள்ளலாம் சார், இப்போது அழித்தால் அந்தப் பிள்ளை ஏதோ தப்புச் செய்த மாதிரி ஆகிவிடும் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் சமையல்காரர் வந்து நின்றார்.

வீட்டுக்குப் போய்விட்டவர், யாரோ படத்தைக் காட்டியதும் திரும்பி வந்திருக்கிறார். முகம் சிவந்து கிடந்தது. "எத்தன பேரு பாத்துட்டாங்க தெரியுமா டீச்சர்? அஞ்சரை மணிக்கு எந்திரிச்சு வந்து ஆக்கிப் போடுறதுக்கு இதுவா மரியாத?" என்றார். நான் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வகுப்பு மொத்தமும் மூச்சுவிடாமல் பார்க்கிறது. எழுதியவள் எனக்குப் பின்னால் வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைக் கண்டுபிடித்துவிட்டார். "ஏண்டி, உப்பு இல்லேன்னா எங்கிட்ட வந்து சொல்ல வேண்டியதுதானே?"

அவள் தலைப்பை விடாமலே சொன்னாள், "சொன்னேன் அத்தை. ரெண்டு தடவை சொன்னேன். நீங்க போன்ல படம் எடுத்துக்கிட்டு இருந்தீங்க."

அவர் எடுத்துக்கொண்டிருந்தது செயலிக்கான படம். பிள்ளைகள் சாப்பிடுகிற படம் நேரத்துக்குப் போகாவிட்டால் அவருக்குத் தொலைபேசி வரும். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பாருங்கள், அந்தக் காலையில் இரண்டு செய்திகள் கிளம்பியிருக்கின்றன. ஒன்று படமாகச் செயலிக்குப் போனது. அதில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், தட்டில் கிச்சடி இருக்கிறது, அதில் உப்பு இருக்கிறதா என்று படம் சொல்லாது. இன்னொன்று வாய்ச்சொல்லாகக் கிளம்பி மூன்றடி தூரத்தில் இருந்தவர் காதில் விழாமல் போய், சுண்ணக்கட்டியைத் தேடிக்கொண்டது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சார் ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சமையல்காரரே கேட்டார், "அப்ப எம் பக்கத்தையும் எழுதுவீங்களா?" யாரைக் கேட்டார் என்று புரியவில்லை, என்னையா, பலகையையா. நான் அந்தப் பிள்ளையிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்தேன். இரண்டு பேரும் பலகை முன்னால் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். கட்டம் சின்னது, போகப் போக எழுத்து எறும்பு சைஸுக்கு வந்துவிட்டது. "சமையல் அத்தை சொன்னது. உப்பு பாக்கெட் தீந்து போச்சு. காலைல கடை திறக்கல. வீட்டுல இருந்து கொண்டு வந்த உப்பு பத்தல." முடித்ததும் அவர் விரல் வைத்துப் படித்துப் பார்த்தார். பிறகு, "இன்னொன்னு சேத்துக்க. சாம்பார்ல உப்பு சரியா இருந்துச்சு" என்றார். அவள் எழுதுவதற்கு முன்னால் வகுப்பைத் திரும்பிப் பார்த்து, "இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்தது என்று ஏழெட்டுக் குரல்கள். அப்புறம்தான் எழுதினாள்.

எழுதலாமா என்று அவள் என்னைக் கேட்கவில்லை, சாரைக் கேட்கவில்லை, சாம்பாரைச் சாப்பிட்டவர்களைக் கேட்டாள். இத்தனை வருஷத்தில் மொழிப்பாடத்தில் நான் நடத்திய எதுவும் அந்த இடத்துக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்ததாக எனக்கு நினைவில்லை.

சாயங்காலம் வரை இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. முதல் செய்தியைப் படம் பிடித்துப் பரப்பியவர் மாலையில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தார். இரண்டாவதை நானே காட்டினேன். "அப்படிங்களா" என்றார். குழுவில் அது வரவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பிரான்சில் ஒரு மேயர்

இந்த விவகாரத்துக்குப் பிறகு செலஸ்தேன் ஃப்ரெனே பற்றிக் கிடைத்ததை எல்லாம் தேடிப் படித்தேன். ஆசிரியர் பயிற்சியில் ஒரு வரியில் கடந்துபோன பெயர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டுத் திரும்பி, 1920இல் தெற்குப் பிரான்சில் பார்-சுர்-லூ என்ற ஊரில் ஆசிரியர் ஆனவர். மூச்சு வாங்கும், நின்று கத்திப் பாடம் நடத்த முடியாது. பிள்ளைகளைப் பேசவிட்டார். ஒரு நாள் பிள்ளைகள் நத்தைகளைக் கொண்டுவந்து பந்தயம் விட, அதையே கரும்பலகையில் எழுதிப் பாடமாக்கினார். சில ஆண்டுகளில் சின்ன அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, பிள்ளைகளே எழுத்துக் கோத்து, தங்கள் செய்திகளை அச்சடிக்க வைத்தார். அச்சடித்ததை நாட்டின் மறுகோடியில், பிரித்தானி என்ற பிரெஞ்சுக் கடலோரப் பகுதியில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்தும் அப்படியே வந்தது. மலையடிவாரத்துப் பிள்ளைகள் கடலைப் பற்றிப் படித்தார்கள்.

இது வரைக்கும் பயிற்சிக் கூட்டங்களில் சொல்லத் தக்க அழகான கதை. அதற்கு மேல்தான் எனக்கு வேண்டியது இருந்தது. அவர் பிறகு சேன்-போல் என்ற ஊருக்கு மாறினார். அங்கே பள்ளிக் கட்டடமும் கழிப்பறையும் படுமோசம், மேயரோடு தகராறு. ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதினான்: பிள்ளைகளுக்கு இலவசப் பொருள்கள் தர மறுத்த மேயரை எதிர்த்து வகுப்பே கிளம்புகிறது, கனவின் முடிவில் மேயர் செத்துப்போகிறார். அது அச்சாகியிருந்தது. 1932 கடைசியில் அதைப் பெரிதாகப் போட்டு ஊர்ச் சுவர்களில் ஒட்டிவிட்டார்கள், பிள்ளைகளை இந்த ஆசிரியர் கெடுக்கிறார் என்று. பெரும் ரகளை. 1933இல் அவரை அங்கிருந்து மாற்றினார்கள். 1935இல் பக்கத்து வான்ஸ் ஊரில் சொந்தமாக ஒரு பள்ளி தொடங்கினார். (நம் ஊரில் புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாவற்றையும் அரசே கொடுத்துவிடுவதால் மேயர்கள் தப்பித்தார்கள்.)

சாரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "அவருக்கு 17பி கொடுத்தாங்களா?" என்றார். கிட்டத்தட்ட அதுதான் சார் என்றேன். "பாத்தீங்களா?" என்றார், தான் சொன்னதே நிரூபணமாகிவிட்ட மாதிரி. எனக்கோ அது வேறு விதமாகத் தெரிந்தது. அந்தப் பையனின் கனவை ஊரார் படித்தார்கள். கழிப்பறை நாறுகிறது என்று அந்த ஆசிரியர் முறையாக எழுதிக் கேட்டதை யாரும் சுவரில் ஒட்டவில்லை. உப்பு இல்லை என்று ஒரு பிள்ளை எழுதினால் உப்பை யாரும் பார்ப்பதில்லை. எழுத விட்டது யார் என்றுதான் முதல் கேள்வி வருகிறது.

நான் அழிக்கிற செய்தி

எல்லாவற்றையும் எழுத விடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு திங்கட்கிழமை ஒரு பையன் எழுதியிருந்தான், அவன் அப்பா ராத்திரி குடித்துவிட்டு வந்து அம்மாவை அடித்தார் என்று. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மற்றவர்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் துணியை எடுத்து அழித்துவிட்டேன். அவன் பக்கத்தில்தான் நின்றான். "பொய் எழுதல டீச்சர்" என்றான். பொய் இல்லை என்று எனக்குத் தெரியும் என்று அவனிடம் சொன்னேன். அன்று முழுக்க என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன், மாலையில் அவன் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் எங்கள் சுவரில் எழுதியிருக்கிறது, அதை எப்போது கூப்பிட வேண்டும் என்பது பற்றியும் பேசினோம். அதெல்லாம் நடந்தது.

ஆனாலும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. உப்பு விஷயத்தில் அழிக்க மாட்டேன் என்று சாரோடு வாதாடியவள் நான்தானே? வித்தியாசம் எனக்குத் தெரிகிறது: அடி வாங்கிய அம்மாவின் சம்மதம் இல்லாமல் அந்தச் செய்தி ஜன்னல் வழியாக ஊருக்குப் போகக் கூடாது. கைப்பேசியோடு வாசலில் நிற்பவர்களையும் பார்த்தாயிற்று. அந்தப் பையனுக்கோ வித்தியாசம் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆட்டுக்குட்டி செத்ததை எழுதலாம், இதை எழுதக் கூடாது. வீட்டில் "வெளிய சொல்லாத" என்று எதைச் சொல்லியிருப்பார்களோ, அதையே டீச்சரும் துணியால் சொல்லிவிட்டாள். மறுபடி இப்படி ஒன்று வந்தாலும் அழிப்பேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நிம்மதியும் இல்லை.

பிறகு வகுப்பில் பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒருவரைப் பற்றிக் குறை எழுதினால் முதலில் அவரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும், எழுதியவர் பெயர் போட வேண்டும். வீட்டு விஷயம் என்றால் வீட்டில் கேட்டுவிட்டு எழுத வேண்டும், கேட்க முடியாத விஷயம் என்றால் டீச்சர் காதில் சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னதைக் கொண்டுவந்தது பிள்ளைகள்தான். அந்தப் பையன் அப்போது எதுவும் பேசவில்லை.

வேதாரண்யத்துக்கு ஒரு கடிதம்

ஃப்ரெனே செய்ததில் ஒன்றை மட்டும் காப்பியடித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. என்னோடு பயிற்சி முடித்த தோழி வேதாரண்யம் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் இருக்கிறாள். ராஜாஜி 1930இல் உப்பு அள்ளப் போன ஊர், இன்றைக்கும் உப்பளங்கள் உள்ள ஊர். ஆனால் நான் அதையெல்லாம் நினைத்து அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. கேட்டவுடன் சரி என்று சொன்னது அவள் ஒருத்திதான். பலகையிலிருந்து பிள்ளைகள் தேர்ந்தெடுக்கும் செய்திகளை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவது என்று முடிவு. அஞ்சலட்டை இன்னும் 50 காசுதான் என்றதும் பிள்ளைகள் நம்பவில்லை. 50 காசு என்ற நாணயத்தையே அவர்கள் பார்த்ததில்லை.

எதை அனுப்புவது என்பதில் அரை நாள் போனது. முதல்முறையாக நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தன. சாரும் வந்தார், வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கருப்பு ஆட்டுக்குட்டிக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. பல் விழுந்தது வேண்டாம், எல்லாருக்கும்தான் விழுகிறது என்று ஒரு கட்சி. கண்மாயில் தண்ணீர் வந்த செய்தி போகலாம், அவர்களிடம் கடல் இருந்தாலும் கண்மாய் இருக்காது. உப்புச் செய்தியை ஒருத்தி எடுத்தபோது சமையல்காரரின் மகன் எழுந்து நின்றான். அது நம்ம ஊர் விஷயம், வெளியே போகக் கூடாது என்பான் என்றுதான் நினைத்தேன். "எழுதுனா எங்கம்மா சொன்னதையும் எழுதணும். சாம்பாரையும் சேத்து" என்றான். ஓர் அட்டை அதற்கே சரியாகப் போய்விட்டது.

பதில் வர நாளானது. கடலோரத்துப் பிள்ளைகள் தங்கள் செய்திகளை நெருக்கி எழுதியிருந்தார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கிளம்பின, ஒருவன் வீட்டு வலையைப் பெருச்சாளி கடித்துவிட்டது, புது டீச்சர் வந்திருக்கிறார், சிரிக்கவே மாட்டேன் என்கிறார். கடைசி அட்டையில் ஒரு நான்காம் வகுப்புப் பையன் எழுதியிருந்தான்: "உங்க ஊர்ல உப்பு இல்லைன்னு படிச்சோம். எங்க ஊர்ல மலை மாதிரி குவிச்சு வச்சிருக்காங்க. எவ்வளவு வேணும்னு எழுதுங்க."

சமையல் அத்தைதான் அதை வகுப்புக்குப் படித்துக் காட்டினார். இரண்டு முறை படித்தார். அப்புறம் அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, "மொதல்ல ஒரு மூட்டை அனுப்பச் சொல்லுங்க டீச்சர், எப்படி இருக்குன்னு பாப்போம்" என்றார்.